ஐயாயிரம் நோட்டீஸ்

சிஸ்டர் வீட்டு அலமாரிக் கதவில் நாலு வெள்ளைத் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒட்டியவன் அவளுடைய கொழுந்தன். பதினொரு வருஷம் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் குப்பை கொட்டியவன். எதைப் பற்றிப் பேசினாலும் “ப்ராடக்ட், ப்ரைஸ், ப்ளேஸ், ப்ரமோஷன்” என்று நாலு விரலை மடக்கிக் காட்டுவதால் சொந்தக்காரர்கள் அவனுக்கு நாலு-பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. ஃபோனை எடுத்தாலே “நாலு-பி பேசறேன்” என்பான்.

அவள் நிஜமாகவே சிஸ்டர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. தெருவில் எல்லோரும் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை வந்தால் புருஷனும்.

“அண்ணி, முதல் கேள்வி. நாம என்ன விக்கறோம்?” என்றான் நாலு-பி, கையில் ஸ்கெட்ச் பேனாவோடு.

“ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போறவங்களுக்குத் துணையாப் போறோம்.”

“அது நாம செய்யற வேலை. விக்கறது என்ன?”

சிஸ்டருக்குப் பரீட்சை எழுதுவது போல இருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். டாக்டர் அறைக்குள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர் என்னம்மா சொன்னாரு?” என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷமும் அதைத்தான் கேட்டார்கள். பாதிப் பேருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததில்லை. வேலையை விட்டதே அதனால்தான்.

“உள்ள கூடவே உக்காந்து, டாக்டர் சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி, வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு நிதானமா வாசிச்சுக் காட்டறோம். அதான் நம்ம பொருள்.”

நாலு-பி முதல் தாளில் ‘நோட்டு’ என்று எழுதினான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.

மூலையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார் அவள் புருஷன். கட்டட மேஸ்திரி. “என்னடா இது, நாலு தாளு?”

“இதுக்குப் பேரு மார்க்கெட்டிங் மிக்ஸ்ண்ணே. நாலையும் சரியாக் கலக்கணும்.”

“எங்க கலவையிலயும் நாலுதான். சிமெண்ட்டு, மணலு, ஜல்லி, தண்ணி. இதுல தண்ணியைக் கூடுதலா ஊத்தினவன் கட்டின சுவரு எதுவும் நின்னதில்ல” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காலுக்குப் போனார்.

விலைத் தாளுக்கு மூன்று நாள் ஆனது. டாக்டரைப் பார்க்கும் கட்டணத்தில் பாதி வாங்கினால் போதும் என்றாள் சிஸ்டர். இரண்டு மடங்கு என்றான் நாலு-பி. “சல்லிசா வச்சா சந்தேகப்படுவாங்க அண்ணி. சோப்பே அப்படித்தான்.” கடைசியில் டாக்டர் கட்டணம் எவ்வளவோ அவ்வளவே என்று முடிவானது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. அதிகம் என்று யாருமே வராமல் போனால்? வந்தவர்கள் இதற்கா இவ்வளவு என்று கேட்டால்? கழுவி வைத்த டம்ளரை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

துணைக்குப் போக மூன்று பேர் இருந்தார்கள். சிஸ்டர் ஒருத்தி. பால்வாடி வயசுப் பிள்ளைகளை முப்பது வருஷம் மேய்த்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தி. மூன்றாவது ஆள், பஸ் கண்டக்டராக இருந்து முதுகுவலியால் வேலையை விட்டவர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதில் அவருக்கு நிகர் கிடையாது. டோக்கன் கவுண்ட்டரில் அவர் “கொஞ்சம் உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க” என்றால் ஜனங்கள் பழக்கதோஷத்தில் தள்ளிவிடுவார்கள்.

எங்கே விற்பது என்ற தாளில் நாலு-பி அடுக்குமாடி வீடுகளாக எழுதி நிரப்பினான். பிள்ளைகள் வெளியூரில், பெற்றவர்கள் மட்டும் வீட்டில் என்று இருக்கும் இடங்கள். சண்டை வந்தது நாலாவது தாளில்தான், விளம்பரத்தில்.

நோட்டீஸின் மாதிரியை அவன் மேசையில் விரித்தான். வெறுமையான சக்கர நாற்காலி ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம். மேலே கொட்டை எழுத்தில்: ‘உங்கள் அப்பா மயங்கி விழும்போது பக்கத்தில் யார்?’ கீழே சிவப்பில் இன்னொரு வரி, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று.

சிஸ்டர் அதைத் தள்ளி வைத்தாள். “பயமுறுத்தறோமே.”

“பயந்தாத்தான் ஃபோன் எடுப்பாங்க. நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க, பாப்போம்.”

அவள் யோசித்து எழுதினாள்: ‘டாக்டர் சொன்னதை எழுதிவைத்து உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.’

நாலு-பி சிரித்துவிட்டான். “மளிகைச் சீட்டு மாதிரி இருக்கு அண்ணி. இதைப் படிச்சா எனக்கே தூக்கம் வருது.”

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஊசி போடத் தெரியும், காயம் கட்டத் தெரியும். விற்க அவளுக்கு எங்கே தெரியும்? இருந்த வேலையையும் விட்டாயிற்று. தெரிந்தவன் பேச்சைக் கேட்காமல் கெட்டுப்போனாள் என்ற பெயர் வேண்டாமே என்று தோன்றியது. “முதல்ல ஐந்நூறு மட்டும் அடிக்கலாமா?” என்றாள்.

“நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? ஐயாயிரம் சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஐயாயிரம் நோட்டீஸும் பேப்பருக்குள் மடிந்து ஐயாயிரம் வீடுகளுக்குப் போயின. அதே படத்தை நாலு-பி அடுக்குமாடிக்காரர்களின் ஃபோன் குழுக்களிலும் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு முதல் ஃபோன் வந்தது. அடுத்தது ஆறு பன்னிரண்டுக்கு. மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று. நாலு-பி ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு போட்டான். ஐந்து கோடு சேர்ந்தால் அண்ணனைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

சிஸ்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள் இல்லை, அவர்களுடைய பிள்ளைகள். எங்கேயோ ஒரு நாட்டில் விடியாத நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தங்குவீர்களா, வாரம் முழுக்க வருவீர்களா, அம்மா ஃபோன் எடுக்கவில்லை, போய்க் கதவைத் தட்ட முடியுமா என்று கேட்டார்கள். நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவன், “அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்றார், உங்க ஆளை உடனே அனுப்புங்க” என்றான். “நாங்க இல்லீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க, நேரத்தை விடாதீங்க” என்று அவள் கத்தினாள். அரை மணி கழித்து அந்த எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். பதற்றமில்லாத குரல்.

“அம்மா, உங்க நோட்டீஸ் பார்த்தேன். ‘ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதீர்கள்’னு எழுத நினைச்சிருக்கீங்க. அச்சுல ‘ஆஸ்பத்திரிக்கு தனியாக போகாதீர்கள்’னு வந்திருக்கு. ஒரு த், ஒரு ப். ரெண்டு ஒற்று விட்டுப்போச்சு.”

சிஸ்டர் திகைத்தாள். “ஐயா யாரு?”

“அச்சகத்துல நாற்பது வருஷம் பிழை திருத்தினவன். சரி, அது கிடக்கட்டும். புதன்கிழமை எனக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இடது கண்ணு ஓரமா மின்னல் மாதிரி வெட்டுது. சொட்டு மருந்து விட்டா நாலு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியாதாம். கூட ஆள் இருந்தாத்தான் விடுவேன்கறாங்க. மகள் வெளிநாட்டுல இருக்கா. வர முடியுமா?”

காலையிலிருந்து வந்த அழைப்புகளிலேயே இது ஒன்றுதான் தான் விற்க நினைத்ததைக் கேட்ட அழைப்பு என்று அவளுக்குத் தோன்றியது. கண்டக்டருக்கு அந்த வேலையைக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வரை அவள் கணக்குப்படி புதனுக்கு ஐந்து பேர். மூன்று துணைக்கு ஐந்து என்பது இழுத்துப்பிடித்தால் சரி. ஆனால் நாலு-பி தன் ஃபோனில் வந்த நாலு பேருக்குச் சரி சொல்லியிருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. வந்த கஸ்டமரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சோப்புக் கம்பெனியில் அவன் படித்த முதல் பாடம்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டர் ஓர் அம்மாளை இதயப் பரிசோதனை முடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது கண்டக்டர் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

“சிஸ்டர், நான் ஸ்கேன் சென்டர்ல மாட்டிக்கிட்டேன். அந்தக் கண் ஆஸ்பத்திரி ஐயாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்க.”

“ஸ்கேன் சென்டரா? நீங்க ஐயாகூட இல்லையா?”

“நம்ம நாலு-பி தம்பிதான் சொன்னாரு. டாக்டர் லேட்டு, ஐயா சும்மாத்தானே உக்காந்திருக்காரு, ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மாவை ஸ்கேனுக்கு உக்கார வச்சுட்டு அரை மணியில வந்துடுங்கன்னாரு. இங்க தண்ணி குடி, தண்ணி குடின்னு அந்தம்மாவை ரெண்டு மணி நேரமா உக்கார வச்சிருக்காங்க. விட்டுட்டு வர முடியல சிஸ்டர்.”

“ஐயாவுக்கு ஃபோன் போட்டீங்களா?”

கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, “அவர் ஃபோனும் கண்ணாடியும் என் பையிலதான் இருக்கு” என்றார். “மருந்து விடறதுக்கு முன்னாடி குடுத்து வைக்கச் சொன்னாங்க.”

அந்த அம்மாளை டீச்சரம்மா வீட்டுக்குக் கொண்டுபோகும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, அவளை அங்கே இறக்கி உட்காரவைக்கும்படி டீச்சரம்மாவுக்கு ஃபோனில் சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஓடினாள். கண் ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடை. நாலு நிமிஷத்தில் போனாள்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் பாதி காலியாக இருந்தன. சொட்டு மருந்து விடும் அறையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

“அந்த ஐயாவா? டாக்டரைப் பார்த்துட்டாரே. பத்தரை இருக்கும். துணைக்கு ஆள் வருவாங்கன்னு ரொம்ப நேரம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தார். பதினொன்றரைக்கு மேல காணோம். உங்க ஆளா அவர்? தினமும் இப்படிப் பத்துப் பேரு தனியா வந்து நிக்கறாங்க சிஸ்டர், நாங்க எத்தனை பேரைத்தான் பாக்கறது?”

கழிப்பறையில் இல்லை. மருந்துக் கடை வரிசையில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல், இரண்டுக்கும் வெளியே உச்சி வெயில். விரிந்த கண்மணியோடு அந்த வெயிலில் இறங்கினால் எல்லாம் பாலாக வெளுத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். லாரி வந்தாலும் தெரியாது. அவள் நாலு-பியைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “வா.”

அவன் பைக்கில் வந்து இறங்கியபோது அவன் கையில் இருந்த ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. நோட்டீஸில் போட்டிருந்த எண் அது. திரையைப் பார்த்து அவன் முகம் வெளிறியது.

“அவரோட மகள் அண்ணி. காலையில ஒரு தடவை பேசினாங்க.”

“எடு.”

“டாக்டர்கிட்ட உள்ள இருக்கார்னு சொல்லிடலாம். எப்படியும் பத்து நிமிஷத்துல கிடைச்சிடுவார். இப்ப உண்மையைச் சொன்னோம்னா மொத்தமும் போச்சு. அவங்க ஒரு குழுவுல எழுதினாப் போதும்.”

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். நாலு தாளும், நாற்பது நாளும், விட்டு வந்த வேலையும் அவள் கண் முன்னால் ஒரு தடவை வந்து போயின. ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“மேடம், நான்தான் இதை நடத்தறவ. உங்க அப்பாவை நாங்க தனியா விட்டுட்டோம். எங்க தப்பு. ஆஸ்பத்திரியில அவரைக் காணோம். அவர் ஃபோன் எங்க ஆள் பையில இருக்கு. தேடிக்கிட்டிருக்கோம்.”

“எவ்வளவு நேரமா?”

“அம்பது நிமிஷம் இருக்கும்.”

“அவர் என்ன சட்டை போட்டிருக்கார்னாவது தெரியுமா உங்களுக்கு?”

சிஸ்டருக்குத் தெரியாது. அவரை அவள் பார்த்ததே இல்லை. “தெரியாது மேடம்” என்றாள். இதைச் சொல்வதுதான் இருந்ததிலேயே கஷ்டமாக இருந்தது.

“நீலக் கட்டம் போட்ட சட்டை. ஆஸ்பத்திரின்னா அதைத்தான் போடுவார். பையில ரெண்டு பேனா இருக்கும், ஒண்ணு சிவப்பு” என்றாள் மகள். குரல் உடைந்தது. “பக்கத்தில் யார்னு கேட்டு நோட்டீஸ் அடிச்சீங்களே.”

சிஸ்டர் கால் மணிக்கு ஒரு தடவை தானே கூப்பிடுவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் அடையாளம் சொன்னாள். பக்கத்துப் போலீஸ் சாவடிக்கு நாலு-பியை ஓட விட்டாள். பிறகு ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள்.

கண் தெரியாதவர் சாலையைக் கடக்க மாட்டார். வெளிச்சம் குத்தினால் நிழலைத் தேடுவார். கை எட்டுகிற எதையாவது பிடித்துக்கொண்டு போவார். வாசலுக்கு இடது பக்கம் வெயில். வலது பக்கம் ஆஸ்பத்திரி மதில், அதன் அடியில் ஒரு முழ அகலத்துக்கு நிழல். அவள் தன் கையையும் மதிலில் வைத்துக்கொண்டு நடந்தாள். மதில் திரும்பியது. ஜெனரேட்டர் அறை வந்தது. அதைத் தாண்டி ஓர் இடத்தில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடந்தது. கல்லின் ஓரத்தில் இரண்டு சொட்டு ரத்தம். அவள் நடையை எட்டிப் போட்டாள். மதில் இன்னொரு தடவை திரும்பியது. பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவு, ஆஸ்பத்திரித் துணிகள் சலவைக்குப் போகும் வழி. உள்ளே வெள்ளை மூட்டைகளுக்கு நடுவில், நீலக் கட்டச் சட்டை போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலவைக்காரர் அவர் முழங்காலில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா!”

“யாரு, நோட்டீஸ் அம்மாவா?” என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல். “குரலை வச்சுக் கண்டுபிடிச்சேன்.”

அவள் பக்கத்து மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள். முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டு ஃபோனை அவர் காதில் வைத்தாள். அவர், “ஒண்ணுமில்லடா, முட்டியில ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான், நீ தூங்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சலவைக்காரர் அவளைப் பார்த்த பார்வையில், இப்படியா ஒரு பெரிய மனுஷனை விடுவீங்க என்று இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

காயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “டாக்டர் என்ன சொன்னாரு ஐயா?”

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. லேசா இருக்குன்னார். நாளைக்குக் காலையில வரச்சொன்ன மாதிரி இருந்தது. லேசாத்தானே இருக்கு, அடுத்த வாரம் வந்துக்கலாம்னு இருக்கேன்.”

சிஸ்டரின் கை நின்றது. மின்னல் மாதிரி வெட்டுகிற கண்ணைப் பார்த்துவிட்டு எந்த டாக்டரும் லேசாக இருக்கிறது என்று சொல்லி நாளைக்கே வரச் சொல்ல மாட்டார். “எந்திரிங்க ஐயா. மறுபடி உள்ள போறோம்.”

டாக்டர் கிளம்பும் நேரம். சொட்டு மருந்து அறைப் பெண்தான் சொல்லி உள்ளே விட்டாள். சிஸ்டர் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“லேசாவா?” டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “லேசர்! லேசர் பண்ணணும்னு சொன்னேன். இடது கண்ணுல விழித்திரை கிழிய ஆரம்பிச்சிருக்கு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரணும். ஒரு வாரம் விட்டா பிரிஞ்சு வந்துடும். அப்புறம் பார்வைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது.”

பெரியவர் சட்டைப் பையில் இருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “ஒரு ர் விட்டுப்போச்சு” என்றார்.

சிஸ்டர் எழுதினாள். எட்டு மணி, லேசர், எது சாப்பிடலாம், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக வந்தது. அவர் வீட்டில் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள். அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை மகளையும் ஃபோனில் வைத்துக்கொண்டு வாசித்தாள். மகள் நன்றி சொல்லவில்லை. “நாளைக்கு நீங்களே வரணும். வேற யாரையும் அனுப்பக் கூடாது” என்று மட்டும் சொன்னாள். அதற்கும் ஒரு விலை சொல்லச் சிஸ்டருக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாலு-பி சாப்பாட்டு மேசையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஸ்கேன் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் கண்டக்டரும் வந்திருந்தார். தன் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தார்.

“என் மேல கோபமா அண்ணி?”

“உன் மேல மட்டும் இல்ல.”

“விளம்பரம் தப்பில்ல அண்ணி. நல்லாத்தானே வேலை செஞ்சுது.”

“அதான் தப்பு. நாம மூணு பேரு. ஐயாயிரம் வீட்டுக்குப் போய் நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னு கத்தியிருக்கோம். அந்த மனுஷன் நம்ம பேச்சை நம்பி ஒரு மணி நேரம் நாற்காலியில உக்காந்திருந்திருக்காரு. துணைன்னு எவனும் வரமாட்டான்னு தெரிஞ்சிருந்தா அவரு முதல்லயே சுதாரிச்சிருப்பாரு.” அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை. “இன்னும் எத்தனை பேருக்குச் சரின்னு சொல்லி வச்சிருக்கே?”

“இந்த வாரம் இருபத்தொண்ணு.”

“நாம கூட்டிட்டுப் போக முடியறது பன்னெண்டு. ஒருத்தர்கூட ஒருத்தர்தான், வீடு போய்ச் சேர்ற வரைக்கும். மிச்சம் ஒன்பது பேருக்கு முடியாதுன்னு சொல்லணும்.”

சோப்புக் கம்பெனியில் பதினொரு வருஷத்தில் நாலு-பி சொல்லாத வார்த்தை அது. ஆனாலும் அவனே ஃபோனை எடுத்தான். ஒன்பது பேரையும் கூப்பிட்டான். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தி அழுதாள். கடைசி ஃபோனை வைத்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேஸ்திரி அவன் முன்னால் ஒரு டம்ளர் காபியை வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் லேசர் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று சாயங்காலமே மகள் அப்பாவின் அடுக்குமாடிக் குழுவில் எழுதிவிட்டாள். ‘இவர்கள் என் அப்பாவைத் தொலைத்தார்கள். மறைக்காமல் சொன்னார்கள். கண்டுபிடித்தார்கள். டாக்டர் சொன்னதை எழுதித் தந்தார்கள். யோசித்து முடிவு செய்யுங்கள்.’ ஐந்து வாக்கியம்தான். அதில் முதல் வாக்கியத்தை மட்டும் படித்தவர்கள்தான் அதிகம். அடுத்த திங்கட்கிழமை மொத்தமே நாலு ஃபோன். அதில் ஒன்று தப்பான எண்.

அதற்கடுத்த இரண்டு வாரமும் சிஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய ஆஸ்பத்திரியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று யாரிடம் கேட்பது என்பதுகூட மனசுக்குள் ஓடியது. புருஷனிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் கிளம்பும்போது மட்டும் வாசலில் வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடுதலாகச் செருப்பு மாட்டினார்.

பெரியவரை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போன நாளில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சொட்டு மருந்து அறைப் பெண் அன்றும் ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். “கூட ஆள் இல்லாம மருந்து விட மாட்டோம்மா, இன்னொரு நாள் யாரையாவது கூட்டிட்டு வாங்க.” பாட்டி எங்கே போவாள்? சிஸ்டர் மூன்றாவது தாளை நினைத்துப் பார்த்தாள். அடுக்குமாடி, அடுக்குமாடி என்று எழுதியிருந்ததே தவிர, துணை தேவைப்படுகிறவர்கள் தினமும் வந்து நின்று திரும்பிப் போகும் இந்த அறை அதில் இல்லை.

அவள் அந்தப் பெண்ணிடம் பேசினாள். அந்தப் பெண் கண்காணிப்பாளரிடம் கூட்டிப்போனாள். அவர் மூன்று தடவை அலையவிட்டு, நாலாவது தடவை சம்மதித்தார். ஒரு நாளைக்கு நாலு பேர், அதற்கு மேல் இல்லை. விலை பாதி. புதுச் சீட்டில் படம் கிடையாது. அவள் முதலில் எழுதிய அந்த ஒரே வரி மட்டும்தான். ஐம்பது சீட்டுதான் அடித்தார்கள். அதுவே ஒரு மாசத்துக்கு வந்தது.

பெரியவரின் இடது கண் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மற்றபடி பார்வை பிழைத்தது. மகள் குழுவில் மறுபடி எதுவும் எழுதவில்லை. ஆனால் மாசம் ஒரு தடவை சிஸ்டரைக் கூப்பிட்டு அப்பா எப்படி நடக்கிறார் என்று விசாரித்தாள்.

மூன்றாவது மாசத்தில் ஒரு நாள் கண்டக்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டீச்சரம்மா ஊரில் இல்லை. சிஸ்டர் ஏற்கெனவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வேறு வழியில்லாமல் நாலு-பியை அனுப்பினாள், சர்க்கரை நோய்க்காக வரும் ஒரு தையல்காரம்மாவுக்குத் துணையாக. அவன் போன நிமிஷத்திலிருந்து அவள் பத்து தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தாள். கூப்பிட்டால் எரிச்சல்படுவான், கூப்பிடாவிட்டால் இவளுக்கு மூச்சு முட்டும். கூப்பிடவில்லை.

மூன்றரை மணிக்கு வந்தான். சட்டை கசங்கி, தலை கலைந்து இருந்தான். சோபாவில் விழுந்து கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல அண்ணி. அந்தம்மா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்கன்னே சொன்னாங்க. வெளிய வரும்போதுதான் மெதுவாச் சொன்னாங்க, நாலு நாளா கால் மரத்துக்கிடக்குதாம், ஊசி குத்தினாக்கூடத் தெரியலையாம். டாக்டருக்கு நேரம் இல்லையேன்னு சொல்லாம விட்டுட்டாங்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு நேரா திரும்பக் கதவைத் தட்டி உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். டாக்டர் என்னைக் கண்டபடி திட்டினாரு.”

“அப்புறம்?”

“காலைப் பார்த்தாரு. திட்டறதை நிறுத்திட்டாரு. வேற டாக்டருக்கு எழுதிக் குடுத்திருக்காரு, செவ்வாய்க்கிழமை.” அவன் எழுந்து உட்கார்ந்தான். “செவ்வாய்க்கிழமையும் என்னையே போட்டுக்கோங்க அண்ணி. அந்தம்மா வேற யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க.”

சிஸ்டர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த வாரப் பட்டியலில் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே அவன் பெயரை எழுதினாள்.

“சரி, போ. ஆனா அந்த ஷூவைப் போட்டுட்டுப் போகாதே. ஆஸ்பத்திரி வராண்டா முழுக்க டக்கு டக்குன்னு சத்தம் போடுது. உங்க அண்ணனோட ரப்பர் செருப்பு இருக்கு, அதை மாட்டிக்கிட்டுப் போ.”